மரணத்தை விலை பேசும் சேமிப்பு: வரியில்லா ஐஸா கணக்கும் ஆயுள் காப்பீட்டு முதலீடும்

அல்ஹம்து லில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ்.

 

பிரிட்டனில் வரி ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி முடிகிறது. அந்தத் தேதி நெருங்க நெருங்க, "இந்த ஆண்டின் ஐஸா வரம்பைப் பயன்படுத்திவிட்டீர்களா?" என்று வங்கிகளும் முதலீட்டு நிறுவனங்களும் கடிதம் அனுப்பும். நம் ஜமாஅத்தில் ஹஜ்ஜுக்காகவும், பிள்ளைகளின் படிப்புக்காகவும், வீடு வாங்குவதற்காகவும் பவுண்ட் பவுண்டாகச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். "ஹஜ்ரத், இதற்கு வரியே கிடையாதாம். பங்குச் சந்தை போல ஏறி இறங்காதாம். ஆயுள் காப்பீட்டுப் பாலிசிகளில் போடுகிறார்களாம். கூடுமா?" என்று கேட்கிறார்கள். இன்றைய ஜும்ஆவின் பாடம் இந்தக் கேள்விதான்.

சேமிப்பது மார்க்கம் அனுமதித்த செயல்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். நாளைக்கென்று எடுத்து வைப்பது தவக்குலுக்கு எதிரானதன்று. ஏழு ஆண்டுச் செழிப்பில் விளைந்த தானியத்தைக் கதிரோடு சேமித்து வைக்கும்படி நபி யூஸுஃப் (அலை) அவர்கள் சொன்ன திட்டத்தை அல்லாஹ் திருமறையில் எடுத்துச் சொல்கிறான் (12:47). தவ்பா ஏற்கப்பட்ட மகிழ்ச்சியில் கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தம் செல்வம் முழுவதையும் ஸதகா செய்ய முன்வந்தபோது, அதில் ஒரு பகுதியை உமக்கென வைத்துக்கொள்ளும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள் (புகாரி). வாரிசுகளை மக்களிடம் கையேந்தும் நிலையில் விட்டுச் செல்வதைவிட, தேவையற்றவர்களாக விட்டுச் செல்வது சிறந்தது என்பதை ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள் (புகாரி, முஸ்லிம்).

ஆக, சேமிப்பில் குற்றமில்லை. ஆனால் மறுமையில் செல்வத்தைப் பற்றி மனிதனிடம் இரண்டு கேள்விகள் உண்டு: எப்படிச் சம்பாதித்தாய்? எதில் செலவு செய்தாய்? (திர்மிதி). சேமித்த பணம் லாபம் ஈட்டினால், அந்த லாபமும் முதல் கேள்விக்குள் வந்துவிடும்.

ஐஸா என்பது ஒரு பை

1999 ஏப்ரல் 6 அன்று பிரிட்டிஷ் அரசு ஐஸா கணக்கை அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்பிருந்த பெப், டெஸ்ஸா ஆகிய திட்டங்களின் இடத்தில் இது வந்தது. 2017 ஏப்ரல் முதல் ஒருவர் ஓர் ஆண்டில் 20,000 பவுண்ட் வரை இதில் போடலாம். உள்ளே வளரும் லாபத்துக்கு வருமான வரியும் மூலதன ஆதாய வரியும் இல்லை.

ஐஸா தனியாக ஒரு முதலீடு அன்று. அது ஒரு பை. பைக்குள் வங்கிப் பணம் இருக்கலாம், நிறுவனப் பங்கு இருக்கலாம், வட்டிப் பத்திரம் இருக்கலாம். 1999இல் தொடங்கியபோதே ரொக்கம், பங்கு, ஆயுள் காப்பீடு என்று மூன்று பகுதிகள் இருந்தன. 2005இல் காப்பீட்டுப் பகுதியைப் பங்குப் பகுதியோடு சேர்த்துவிட்டார்கள்.

கடைக்குப் போகிறீர்கள். பைக்குக் காசு வாங்கவில்லை என்பதற்காக உள்ளே இருக்கும் இறைச்சி ஹலாலாகிவிடுமா? அறுத்தது யார், எப்படி அறுத்தார் என்று கேட்போம் அல்லவா? வரி வேண்டாம் என்று சொல்வது அரசாங்கம். ஹலால், ஹராம் என்று சொல்வது அல்லாஹ்வும் அவன் தூதரும். அரசாங்கம் தந்த சலுகையைப் பயன்படுத்திக்கொள்வதில் தவறில்லை. ஆனால் பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான்.

பாலிசியை விலைக்கு வாங்கும் வியாபாரம்

ஆயுள் காப்பீட்டில் முதலீடு என்றால், நம் உயிருக்கு நாமே இன்ஷூரன்ஸ் எடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே நடப்பது வேறு. யாரோ ஒருவர் தம் உயிர்மீது எடுத்த பாலிசியை, முன்பின் தெரியாத மற்றவர்கள் விலைக்கு வாங்குகிறார்கள்.

அமெரிக்காவில் இதற்குப் பெரிய சந்தை உண்டு. ஒரு பாலிசி என்பது கைமாற்றக்கூடிய சொத்துதான் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1911இல் கிரிக்ஸ்பி எதிர் ரஸ்ஸல் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த வழியில்தான் இந்த வியாபாரம் வளர்ந்தது.

கணக்குக்காக ஓர் உதாரணம் சொல்கிறேன். 75 வயது முதியவர் ஒருவரிடம் 10 லட்சம் டாலர் பாலிசி இருக்கிறது. பிரீமியம் கட்ட அவரால் முடியவில்லை. காப்பீட்டு நிறுவனத்திடமே சரண்டர் செய்தால் 1 லட்சம்தான் கிடைக்கும். முதலீட்டு நிதி ஒன்று இரண்டரை லட்சம் கொடுத்து அதை வாங்குகிறது. இனி ஆண்டுக்கு 30,000 டாலர் பிரீமியத்தை அந்த நிதியே கட்டும். அவர் இறந்ததும் 10 லட்சமும் நிதிக்கு வரும்.

அவர் 4 ஆண்டில் இறந்தால், மொத்தச் செலவு 3 லட்சத்து 70 ஆயிரம். லாபம் 6 லட்சத்து 30 ஆயிரம். 15 ஆண்டு வாழ்ந்தால் செலவு 7 லட்சம். லாபம் 3 லட்சம். 100 வயது வரை, அதாவது 25 ஆண்டு வாழ்ந்தால் செலவு 10 லட்சம், லாபம் ஒன்றுமில்லை. அதற்கு மேலும் வாழ்ந்தால் நஷ்டம்.

இப்படிப்பட்ட பாலிசிகளைச் சேர்த்து நிதியாக்கி, அதைப் பத்திரமாக மாற்றி, பிரிட்டனில் ஐஸா பைக்குள் போட்டு, "நிலையான வருமானம், வரி இல்லை" என்று ஓய்வு பெற்றவர்களிடம் விற்றார்கள்.

மார்க்கத்தின் பார்வையில் மூன்று குறைகள்

முதலாவது, ரிபா. பாலிசியை வாங்குபவர் வாங்குவது என்ன? நிலமா, வீடா, சரக்கா? எதிர்காலத்தில் வரப்போகும் பணத்தைத்தான் வாங்குகிறார். இன்று இரண்டரை லட்சம் டாலர் கொடுத்து, பின்னர் 10 லட்சம் டாலர் பெறுகிறார். பொன்னுக்குப் பொன், வெள்ளிக்கு வெள்ளி மாற்றும்போது சரிக்குச் சரியாகவும் கைக்குக் கையாகவும் இருக்க வேண்டும் என்பதை உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் சொல்கிறது (முஸ்லிம்). இன்றைய நாணயங்களுக்கும் இதுவே சட்டம் என்பது ஃபிக்ஹ் அகாடமிகளின் முடிவு. டாலருக்கு டாலர் மாற்றும்போது கூடுதல் வந்தால் ஒரு ரிபா. தவணை வந்தால் இன்னொரு ரிபா. இங்கே இரண்டும் ஒன்றாக இருக்கின்றன. பவுண்டைக் கொடுத்து டாலர் வாங்கினாலும், தொகை வேறுபடலாமே தவிர, தவணை கூடாது.

இரண்டாவது, கரர். கரர் என்றால் முடிவு தெரியாத மயக்கம். கரர் உள்ள வியாபாரத்தை நபி (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள் (முஸ்லிம்). மரத்தில் பழுக்காத கனியை விற்பதையும் தடுத்தார்கள். அல்லாஹ் அந்தக் கனியை வரவிடாமல் செய்துவிட்டால், எந்த உரிமையில் உன் சகோதரனின் பணத்தை எடுப்பாய் என்ற கருத்தில் அவர்கள் கேட்டது புகாரியில் அனஸ் (ரலி) அவர்கள் வழியாகப் பதிவாகியுள்ளது. கனி எப்போது பழுக்கும் என்பதையாவது விவசாயி ஓரளவு சொல்லிவிடுவார். ஒரு மனிதனின் ரூஹ் எப்போது கைப்பற்றப்படும் என்று யார் சொல்ல முடியும்? நாளை என்ன சம்பாதிப்போம், எந்த மண்ணில் இறப்போம் என்பதை எந்த ஆன்மாவும் அறியாது என்று அல்லாஹ் அறிவித்துவிட்டான் (31:34). அவன் மறைத்து வைத்த ஒன்றின் மீதுதான் இந்த வியாபாரத்தின் விலையே நிற்கிறது.

மூன்றாவது, கிமார், அதாவது சூது. சீக்கிரம் இறந்தால் வாங்கியவர் வெல்கிறார். நீண்ட நாள் வாழ்ந்தால் தோற்கிறார். இதைச் சூது என்று முஸ்லிம்கள் மட்டும் சொல்லவில்லை. 18ஆம் நூற்றாண்டு லண்டனில், தங்களுக்குத் தொடர்பே இல்லாத மனிதர்களின் உயிர்மீது பாலிசி எடுத்துப் பந்தயம் கட்டினார்கள். அதைத் தடுக்கவே 1774இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஆயுள் காப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. யாருடைய உயிரில் உனக்கு உண்மையான அக்கறையும் நலனும் இல்லையோ, அவர்மீது பாலிசி எடுக்கக் கூடாது என்பதே அதன் சாரம். முன்வாசலில் அடைத்ததைப் பின்வாசல் வழியாக, எடுத்த பாலிசியை விற்கும் முறையில், சந்தை மறுபடியும் உள்ளே கொண்டுவந்துவிட்டது.

இவற்றோடு, அந்தப் பாலிசியின் மூலமே பிரச்சினைக்குரியது. குறிப்பிட்ட பிரீமியம் கட்டும் வணிகக் காப்பீட்டு ஒப்பந்தத்தில் பெரும் கரர் இருப்பதால் அது கூடாது என்று ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1985 டிசம்பரில் தீர்மானித்தது. ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீட்டை மாற்று வழியாகக் காட்டியது.

மருந்து வந்தது, முதலீட்டாளர் கவலைப்பட்டார்

சட்டத்தைத் தாண்டி உள்ளத்தைப் பற்றி ஒரு செய்தி.

1980களின் இறுதியில் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகள் பலர் மருந்துக்கும் வாடகைக்கும் வழியில்லாமல் தங்கள் பாலிசிகளை விற்றார்கள். ஓரிரு ஆண்டுகளில் இறந்துவிடுவார்கள் என்ற கணக்கில் முதலீட்டாளர்கள் வாங்கினார்கள். 1996இல் புதிய கூட்டு மருந்துகள் வந்தன. சாவின் விளிம்பில் இருந்தவர்கள் எழுந்து நடமாடினார்கள். உலகமே மகிழ வேண்டிய செய்தி அது. ஆனால் அந்தப் பாலிசிகளை வாங்கியவர்களின் கணக்கில் அது நஷ்டச் செய்தியாக வந்து விழுந்தது. பிரீமியம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், பணம் வரவில்லை.

நோயாளிக்கு ஷிஃபா வேண்டி துஆ கேட்பது நபிவழி. நலம் விசாரிக்கச் செல்பவருக்கு அவ்வளவு பெரிய நன்மை இருக்கிறது. அவர் குணமடைந்தால் என் பணம் குறையும் என்ற நிலையில் ஒரு முஃமின் தன்னை நிறுத்திக்கொள்ளலாமா? தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஈமான் முழுமையாகாது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). நமக்கு நீண்ட ஆயுள் கேட்கிறோம். நம் ஹஜ் பணமோ, முகம் தெரியாத ஒரு முதியவர் சீக்கிரம் போக வேண்டுமென்று காத்திருக்கிறது. இதைச் சிந்தித்துப் பாருங்கள்.

கீடேட்டா தந்த பாடம்

மார்க்கம் தடுத்த ஒன்றில் உலக நஷ்டமும் ஒளிந்திருக்கும். பிரிட்டனில் கீடேட்டா என்ற நிறுவனம், அமெரிக்க முதியவர்களின் பாலிசிகளை ஆதாரமாகக் கொண்ட லக்ஸம்பர்க் பத்திரங்களில் மக்களின் பணத்தைப் போட்டது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், 40 கோடி பவுண்டுக்கும் மேல் போட்டார்கள். பலர் ஐஸா கணக்கு வழியாகவே போட்டவர்கள்.

2009 ஜூனில் அந்த நிறுவனம் முடங்கி, நிர்வாகிகளின் கையில் ஒப்படைக்கப்பட்டது. காரணத்தைக் கவனியுங்கள். ஐஸா என்று விற்கப்பட்ட சில பத்திரங்கள் ஐஸா விதிகளுக்குப் பொருந்தவே இல்லை. அதனால் வரிப் பொறுப்பு வந்து விழுந்தது. நிறுவனத்தால் அதைக் கட்ட முடியவில்லை. எந்த ஆசையைக் காட்டி விற்றார்களோ, அந்த "வரி இல்லை" என்ற சொல்லே நிற்கவில்லை. இழந்தவர்களில் பலருக்கு இழப்பீட்டு நிதியம் ஓரளவு கொடுத்தது. ஆனால் அதற்குள் எத்தனை பேரின் தூக்கம் போயிருக்கும்!

2011 நவம்பரில் அன்றைய நிதிக் கட்டுப்பாட்டு ஆணையம் இந்த வகை முதலீட்டை நச்சுத்தன்மை உள்ளது என்ற கடுமையான சொல்லாலேயே எச்சரித்தது. 2014 ஜனவரி முதல் இவற்றைச் சாதாரண மக்களிடம் விளம்பரப்படுத்தி விற்பதற்குத் தடை வந்தது. நாட்டின் சட்டம் 2014இல் பூட்டிய கதவுக்கு ஷரீஅத் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே பூட்டுப் போட்டுவிட்டது.

சில கேள்விகள், பதில்கள்

"விற்கும் முதியவருக்கும் நன்மைதானே? சரண்டர் தொகையைவிட அதிகம் கிடைக்கிறதே!" உண்மைதான். மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பலன்கள் உண்டு என்று குர்ஆனே ஒப்புக்கொள்கிறது; அவற்றின் பாவம் பலனைவிடப் பெரிது என்று தீர்ப்பும் சொல்கிறது (2:219). சிரமப்படும் முதியவருக்கு உதவ அழகிய கடனும் ஸதகாவும் இருக்கின்றன. அவருடைய மரணத்தை நாம் வாங்க வேண்டியதில்லை.

"வாரிசுகளும் இன்னொருவரின் மரணத்தால்தானே சொத்து பெறுகிறார்கள்?" வாரிசு எந்த விலையும் கொடுத்து அந்தப் பங்கை வாங்கவில்லை. அல்லாஹ் நிர்ணயித்த பங்கு அது. மரணத்தை அவசரப்படுத்தும் எண்ணத்தையும் ஷரீஅத் வேரோடு வெட்டியிருக்கிறது: கொலை செய்தவனுக்குக் கொல்லப்பட்டவரின் சொத்தில் வாரிசுரிமை இல்லை.

"நான் பாலிசி வாங்கவில்லை. நிதியில் பணம் போட்டேன், அவ்வளவுதான்." நிதி மேலாளர் உங்கள் வகீல். வகீல் உங்களுக்காகச் செய்யும் வியாபாரம் உங்கள் வியாபாரம். லாபம் உங்களுக்கு என்றால் பொறுப்பும் உங்களுக்குத்தான்.

"நூற்றுக்கணக்கான பாலிசிகளைச் சேர்த்தால் சராசரி ஆயுள் கணக்கு சரியாக வந்துவிடுமே, கரர் எங்கே?" கரர் குறையலாம். பணத்துக்குப் பணம், கூடுதலோடும் தவணையோடும் மாற்றுவது என்ற முதல் குறை அப்படியே நிற்கிறது. சராசரிக் கணக்கை நம்பியவர்களுக்கு 1996இல் என்ன நடந்தது என்பதையும் பார்த்தோம்.

ஏற்கனவே பணம் போட்டிருந்தால்

அறியாமல் போட்டவர்கள் மனம் உடைய வேண்டாம். தவ்பா செய்பவர்களுக்கு அவர்களின் மூலதனம் உண்டு; நீங்கள் அநீதி செய்யவும் கூடாது, உங்களுக்கு அநீதி செய்யப்படவும் கூடாது என்பது குர்ஆனின் வழிகாட்டல் (2:279).

முதலில், புதிதாகப் பணம் போடுவதை நிறுத்துங்கள். அடுத்து, வெளியேறும் விதிகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அபராதம் எவ்வளவு, எப்போது எடுக்கலாம் என்பதைப் பார்த்து, ஓர் ஆலிமிடமும் கணக்குத் தெரிந்த ஒருவரிடமும் ஆலோசித்து, முடிந்த விரைவில் வெளியேறுங்கள். போட்ட முதல் உங்களுடையது. அதற்கு மேல் வந்ததை, ஸதகாவின் நன்மையை எதிர்பாராமல், ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். ஐஸாவிலிருந்து நீங்களாகப் பணத்தை எடுத்தால் வரிச் சலுகை போய்விடக்கூடும். ஆகவே ஹலாலான வேறொரு ஐஸாவுக்கு மாற்றம் கோரும் படிவத்தைப் பயன்படுத்துங்கள்.

ஜகாத்தையும் மறக்க வேண்டாம். ஐஸாவுக்கு வரி இல்லை, ஜகாத் உண்டு. நிஸாப் அளவு இருந்து சந்திர ஆண்டு நிறைந்தால் உங்கள் மூலதனத்துக்கு இரண்டரை சதவீதம் கடமை. பணம் முடக்கப்பட்டுக் கைக்கு வராத நிலை என்றால், ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் விவரங்கள் உண்டு. உங்கள் நிலையைச் சொல்லி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கையெழுத்துக்கு முன் ஐந்து கேள்விகள்

இனி எந்தச் சேமிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தாலும் ஆலோசகரிடம் இவற்றைக் கேளுங்கள்.

1. என் பணத்தைக் கொண்டு எதை வாங்குகிறீர்கள்?
2. லாபம் எங்கிருந்து வருகிறது? வியாபாரத்திலிருந்தா, வாடகையிலிருந்தா, வட்டியிலிருந்தா, யாருடைய மரணத்திலிருந்தா?
3. பணம் எந்த நாட்டில், யார் கையில் இருக்கும்?
4. அவசரத் தேவைக்கு எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும்? நிறுவனம் விழுந்தால் இழப்பீட்டு நிதியம் பொறுப்பேற்குமா?
5. ஷரீஅத் குழு உண்டா? அதில் இருக்கும் ஆலிம்கள் யார்? அவர்களின் ஃபத்வாவைக் காட்ட முடியுமா?

முதல் கேள்விக்கே தெளிவான பதில் வரவில்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஹலால் தெளிவானது, ஹராம் தெளிவானது, இரண்டுக்கும் நடுவே சந்தேகமானவை உண்டு, அவற்றைத் தவிர்த்துக்கொண்டவர் தம் தீனையும் மானத்தையும் காத்துக்கொண்டார் என்ற கருத்துள்ள நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் ஹதீஸ் (புகாரி, முஸ்லிம்) இந்த இடத்துக்கு அப்படியே பொருந்தும்.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. 2004இல் தொடங்கி இன்று அல் ரய்யான் என்ற பெயரில் இயங்கும் இஸ்லாமிய வங்கி, வட்டிக்குப் பதிலாக எதிர்பார்க்கும் லாப விகிதத்தின் அடிப்படையில் ஐஸா கணக்கு வழங்கியிருக்கிறது. மது, சூது, வட்டி நிறுவனங்களை விலக்கிய பங்கு நிதிகளும் உண்டு. அவற்றையும் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்ட பிறகே தேர்ந்தெடுங்கள்.

நம் மரணத்துக்குப் பின் குடும்பம் என்ன செய்யும் என்ற கவலை நியாயமானது. அதற்கு முதல் வேலை, வஸிய்யத்தை எழுதி வைப்பது. இங்கிலாந்தில் உயில் எழுதாமல் இறந்தால் அந்நாட்டுச் சட்டப்படிதான் சொத்து பிரியும். இஸ்லாமியப் பாகப்பிரிவினை தானாக நடக்காது. தீன் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு, சட்டப்படி செல்லும் உயிலை இந்த மாதமே எழுதிவிடுங்கள். கடன்களையும் வாங்க வேண்டியவற்றையும் குறித்து வைத்து, மனைவி மக்களிடம் சொல்லி வையுங்கள்.

ஒரு தவணை வந்துவிட்டால் அல்லாஹ் எந்த ஆன்மாவுக்கும் அவகாசம் கொடுப்பதில்லை (63:11). அந்தத் தவணை அவனுடைய அறிவில் இருக்கிறது. அதை விலை பேசும் உரிமை நமக்கில்லை.

யா அல்லாஹ்! உன் ஹலாலைக் கொண்டு ஹராமிலிருந்து எங்களைத் தேவையற்றவர்களாக ஆக்குவாயாக. எங்கள் சேமிப்பில் பரக்கத் செய்வாயாக. நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், முதியவர்களுக்கு ஆஃபியத்தையும் நீண்ட ஆயுளையும் தருவாயாக. நீ ஏற்றுக்கொள்ளும் தூய பொருளைக் கொண்டு உன் வீட்டை ஹஜ் செய்யும் பாக்கியத்தை எங்களுக்கு அருள்வாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.